கூட்ஸ் வண்டியில் ஏறாதவள்

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போன மாதம் நான் போட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். ப்ளஸ் டூ படிக்கும் என் மகன், ஸ்டேஷன் யார்டில் நின்ற கூட்ஸ் வண்டியின் கூரையில் ஏறி, கீழே நின்ற நண்பன் வீடியோ எடுப்பதற்காகக் கைகளை விரித்து நின்றான். ரயில்வே போலீஸ்காரர் ஓடிவந்து இறக்கினார். கையில் ஒரு சிராய்ப்போடு, உயிரோடு வீட்டில் இருக்கிறான். இவ்வளவுதான் எழுதியிருந்தேன். 

நீங்கள் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டீர்கள். "நாம ஏறாத கூட்ஸா மக்கா" என்று ஒருவர். "ரத்தத்துல உள்ளதுல்லா" என்று இன்னொருவர். ஆறுதலுக்காகச் சொன்னதுதான், எனக்குத் தெரியும். பிறகு ஒருவர் எழுதினார்: "உனக்க அக்கா அன்னைக்குக் காட்டிக் குடுக்காம இருந்திருந்தா, காலேஜ் வரைக்கும் நாம அதுலதான் போயிருப்போம்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழுவில் எழுதினால் நடுவில் யாராவது வணக்கப் படம் போட்டுவிடுவீர்கள்.

முதலில் வீடியோவைப் பற்றி. போலீஸ்காரர் அதை என்னைப் பார்க்க வைத்தார். "அந்தக் கரண்டுக் கம்பியத் தொடணும்னே இல்ல மேடம். பக்கத்துல கை போனா போதும், அதுவே இழுத்துரும்" என்றார். நாம் ஏறிய காலத்தில் நம் தலைக்கு மேல் கம்பி கிடையாது, டீசல் இஞ்சின்தான். இப்போது இருக்கிறது. வீடியோவில் என் மகனின் விரல்களுக்கும் கம்பிக்கும் நடுவில் கொஞ்சம் வானம் தெரிகிறது. அந்த வானத்தைத்தான் நான் இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன். அடுக்களையில் ஒரு மூடி விழுந்தாலும் எனக்குத் தூக்கிப்போடுகிறது.

இனி நாம் கூட்ஸில் ஏறிய அந்த ஆனி, ஆடிக்கு வருகிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. மேற்கே மலையிடுக்கில் புகுந்து கிழக்கே பாயும். இப்போது காற்றாலைகள் நிற்கும் இடமெல்லாம் அன்று முள்ளும் பனையும். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும் திசை கிழக்கு. ஆகவே காற்று நம் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். அந்தக் காற்றில் தோவாளைப் பூ மூட்டைகளின் மணமும், கூட்ஸ் வண்டியின் சிமெண்ட்டுத் தூசியும், வெயிலில் காய்ந்த இரும்பின் வாசனையும் கலந்திருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் சாயங்காலக் கூட்ஸ் நிற்கும். அங்கிருந்து புறப்பட்டு நம் ஊர் ஸ்டேஷனில் எதிர்ப் பாசஞ்சருக்கு வழிவிட மறுபடியும் நிற்கும். நின்றே தீரும் என்பது நம் நம்பிக்கை. கடைசிப் பெட்டியில் கார்டு, முன்னால் டிரைவர். அதனால் நமக்கு நடுப்பெட்டிகள். சிமெண்ட்டு இறக்கிய காலிப் பெட்டியின் பக்கப்படியில் கால், கைப்பிடிக் கம்பியில் கை. ஊருக்குள் நுழையும்முன் மாவடியில், லைன் ஓரத்து மாமரத்தடியில், வண்டி தவழும். அங்கே ஒவ்வொருவராகக் குதித்து, வண்டி போகும் பக்கமே நாலு எட்டு ஓடி நிற்போம். வீடு வந்துவிடும்.

அந்த வருடம்தான் அக்கா வந்தாள். பெரியம்மா மகள், குளச்சல்காரி. பெரியப்பா கல்ஃபுக்குப் போய்விட்டார், பெரியம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறவில்லை. அதனால் எங்கள் வீட்டில் இருந்து ஒன்பதாம் வகுப்பு படிக்கட்டும் என்று அனுப்பினார்கள். நான் ஆறாம் வகுப்பு. அவள் பையைத் திறந்தால் கருவாட்டு மணம் அடிக்கும். பெரியப்பாவுக்குக் கயிற்று வியாபாரம் இருந்ததால் கயிறு திரிக்கத் தெரியும், விரலை மடித்து விசில் அடிக்கத் தெரியும், அலைக்குள் தோணியைத் தள்ளி ஏறத் தெரியும். நம் ஊரில் பெண்பிள்ளைகள் இவை ஒன்றையும் செய்வதில்லை. நான் அவளை வாய் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்படிப்பட்டவள் கூட்ஸில் ஏறவில்லை.

முதல் நாள் படியில் ஒரு காலை வைத்தாள். எடுத்துவிட்டாள். வண்டி நகர்ந்தபோது எங்களைப் பார்க்காமல் லைன் ஓரத்துத் தந்திக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கால்வாய்க் கரையில் நடக்க ஆரம்பித்தாள்.

நீங்கள் விட்டீர்களா? மறுநாள் படியில் தொங்கிக்கொண்டே கூவினீர்கள். "கடல்காரிக்கு இரும்பக் கண்டா பயம்!" "ஏட்டி, இன்னைக்கும் நடராஜா சர்வீஸா?"

அவள் நடந்துகொண்டே திரும்பிச் சொன்னாள்: "ஆமா மக்கா. ரெண்டு காலும் உள்ளவங்களுக்கு மட்டுந்தான் அந்த சர்வீஸ்."

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன், நிஜமாகவே பயமா என்று. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வண்டி போகும்போது உனக்க ரிப்பன் ஆடுச்சா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல."

"பாவாட பறந்துச்சா?"

"இல்ல."

"அதான். காத்து வண்டிக்கூடவே ஓடி வருது. கடல்லயும் அப்பிடித்தான். பின்னால இருந்து காத்தடிச்சா தோணி சும்மா நிக்க மாதிரி இருக்கும். கரையப் பாத்தாத்தான் தெரியும் என்ன போக்குப் போவுதுன்னு. நீங்க ஒடம்பு மேலுல காத்து படுகத வச்சு வேகம் பாக்குதிய. என்னைக்காவது ஒருநாள் அது பைய போவாது, வேகமாப் போவும், கேட்டியா? அன்னைக்கும் உங்களுக்குப் பைய போகுத மாதிரிதான் தோணும். குதிச்சிருவிய."

எனக்குப் புரிந்தது. புரிந்தும் மறுநாள் ஏறினேன். பதினொரு வயதில் புரிவது வேறு, கால் போவது வேறு.

உங்களுக்கு அந்த டிபன் மூடி ஞாபகம் இருக்கிறதா? நம்மில் ஒருத்தியின் பையிலிருந்து வெள்ளை அலுமினிய டிபன் பாக்ஸ் நழுவிச் சக்கரத்தடியில் போனது. மறுநாள் லைனில் தேடியபோது மூடி மட்டும் கிடைத்தது. அப்பளம்போல் மெலிந்து, ஓரங்கள் அரிவாளாகி. அதில் பொறித்திருந்த அவள் அப்பாவின் பெயர் இரண்டு மடங்கு நீண்டிருந்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் கைமாற்றி ரசித்தோம். அக்கா கைக்கு வந்தபோது அவள் ரசிக்கவில்லை. தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். திருப்பித் தந்துவிட்டாள். அந்த மூடி பிறகு எங்கே போயிற்றோ. இன்று என் கையில் இருந்தால் மகனின் மேசையில் வைத்திருப்பேன்.

இதற்கிடையில் என் அம்மாவின் கணக்கு வேறாக இருந்தது. பள்ளி விட்டதும் நேரே வந்துவிடும் நல்ல பிள்ளை நான். ஊரைச் சுற்றிவிட்டு இருட்டும் வேளைக்கு வருபவள் அக்கா. "எங்கட்டி கெறங்கிட்டு வாற? உனக்க அம்மா நாள பின்ன என்னத்தான கேப்பா" என்று அம்மா சத்தம் போடுவாள். என் பாவாடையில் சிமெண்ட்டுத் தூசியைப் பார்த்துவிட்டு, "செவுத்துல சாயாத மக்களே" என்று தட்டிவிடுவாள். அக்கா என்னைப் பார்ப்பாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்கு வெரசலா வாறேன் சித்தி" என்பாள். ஒருநாளும் என்னைச் சொல்லவில்லை. உங்களையும் சொல்லவில்லை.

ஆடி நடுவில் ஒருநாள் கூட்ஸ் புறப்பட வெகுநேரம் பிடித்தது. நாம் படிகளில் தொங்கிக்கொண்டு காத்திருந்தோம். அக்கா எப்போதும்போல நடந்து, அதற்குள் மாவடியைத் தாண்டி அப்பால் இருக்கும் ரயில்வே கேட்டுக்கே போய்விட்டாள். அன்று வழக்கமான கேட்கீப்பர் இல்லை. அவர் லீவு; பதிலாளாக வேறு ஒருவர் வந்திருந்தார். கேட்டை இறக்கிவிட்டு, அந்தப் பக்கம் நின்ற மாட்டுவண்டிக்காரரிடம், "இன்னைக்குக் கூட்ஸ் இங்க நிக்காது. பாசஞ்சர் லேட்டு. நேரா விட்டுட்டாங்க, அதான் வேகமா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அது காதில் விழுந்தது.

அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அன்று மாலை அந்தக் கேட்கீப்பரே எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று அப்பாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க, நடுப்பெட்டியில பிள்ளைகள் உண்டு" என்றிருக்கிறாள்.

"நீ பாத்தியா?"

"பாக்கல்ல. ஆனா உண்டு."

"பாக்காம எப்பிடிச் சொல்லுக? சும்மா செவப்புக் கொடியக் காட்டினா எனக்க சோலி போயிரும் பிள்ள. நீ வீட்டுக்குப் போ."

அப்போது அவள் சொன்னாளாம்: "நானும் டெய்லி அதுலதான் ஏறுவேன் அண்ணாச்சி. இன்னைக்குத்தான் நடந்தேன். ஏறுகவளுக்குத் தெரியாதா? மாவடியில எல்லாரும் குதிப்பாங்க. இந்த வேகத்துல குதிச்சா ஒண்ணும் மிஞ்சாது."

அவர் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார். கொடியை விரித்துவிட்டார்.

இந்தப் பக்கம் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? மாவடி வந்துகொண்டிருந்தது. என் முறைதான் முதல். கீழ்ப்படிக்கு இறங்கி, பையை முதுகுக்குத் தள்ளி, ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தேன். ரிப்பன் ஆடவில்லை. பாவாடை அசையவில்லை. உலகமே அமைதியாக இருந்தது. பைய போகிறது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பின்னாலிருந்து உங்களில் ஒருவர், "குதிட்டி, எதுக்கு நிக்க?" என்று கத்தினீர்கள்.

அந்த நேரத்தில் முன்னால் எங்கோ இரும்பு அலறியது. பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தொங்கிய கால் திரும்பி வந்து படியில் இடித்தது. நான் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்தேன். பிரேக் கருகும் நாற்றம். பிரேக் பிடித்த பிறகும் மாவடி எங்களைக் கடந்து போயிற்று. மரமாக அல்ல, ஒரு பச்சைக் கோடாக. அப்போதுதான் வேகம் என்னவென்று கண்ணில் பட்டது.

வண்டி நின்றதும் எல்லாரும் குதித்து வாழைத்தோட்டத்துக்குள் ஓடினோம். வாழைகளுக்கு நடுவிலிருந்து நான் பார்த்த காட்சி இன்றும் அப்படியே இருக்கிறது. இஞ்சினிலிருந்து டிரைவர் கீழே பார்த்துக் கத்துகிறார். கார்டு கடைசியிலிருந்து ஓடிவருகிறார். கேட்கீப்பர் கொடியைச் சுருட்டவும் மறந்து நிற்கிறார். அவ்வளவு பெரிய வண்டிக்கு முன்னால் அக்கா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாடை தோணிப் பாய்மாதிரி விரிந்து அடிக்க, ஓடாமல் நிற்கிறாள். ஓடியிருக்கலாம். வாழைத்தோட்டம் அவளுக்கும் பக்கத்தில்தான் இருந்தது.

வண்டியில் ஒரு பிள்ளையும் அகப்படவில்லை. அதுதான் அந்தக் கேட்கீப்பருக்குச் சிக்கலாயிற்று. காரணமில்லாமல் வண்டியை நிறுத்தினாரா என்று விசாரிக்க ரயில்வே அதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நம் ஊர்ப் பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார்கள். தலைமையாசிரியர் கையில் பிரம்பு. "யார் யார் ஏறினது?" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

அக்கா மட்டும் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "பிள்ளைகள் உண்டு சார். நானும் டெய்லி ஏறுவேன்."

"கூட யாரு?"

"பேரு எனக்குத் தெரியாது சார். நான் புதுசு."

எனக்குத் தாங்கவில்லை. "இல்ல சார், அக்கா ஏறவே மாட்டா, அவ நடந்து..." என்று ஆரம்பித்தேன். அவள் பின்னால் கையை விட்டு என் மணிக்கட்டில் கிள்ளினாள். நகம் இறங்கியது. நான் அழுதேன். சின்னப்பிள்ளை அக்காவைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று அதிகாரி சிரித்தார். கேட்கீப்பர் செய்தது சரி என்று எழுதிக்கொண்டு போனார்.

வரிசையில் நின்ற நம் எல்லாருக்கும் ஆளுக்கு நாலு அடி. அவளுக்கு டி.சி. பெண்பிள்ளை, கூட்டத்துக்குத் தலைவி, வேறு என்ன செய்வார்கள்? வீட்டில் நான் அம்மாவிடம் ஆணையிட்டுச் சொன்னேன், அக்கா ஒருநாளும் ஏறியதில்லை என்று. "அவளே ஒத்துக்கிட்டாட்டி. நீ எதுக்கு அவளுக்க சொக்குப்பொடியில மயங்குக?" என்றாள் அம்மா. அப்பா எங்கள் இருவரையும் வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரை கூட்டிக்கொண்டு போய் அவளைக் குளச்சல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கிள்ளிய என் மணிக்கட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். பஸ் திரும்பும்போது விரலை மடித்து ஒரு விசில். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லீவு முடிந்து பழைய கேட்கீப்பர் வந்தார். என்னைப் பார்த்ததும், "அந்தக் குளச்சல் பிள்ள எங்க? டெய்லி இந்த வழியா நடந்து போகுமே, விசிலடிச்சிட்டு" என்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அம்மாவோ தலைமையாசிரியரோ, ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அக்காவுக்குப் படிப்பு அதோடு நின்றது. பின்னால் தனியாக எழுதித் தேறி, அங்கன்வாடி ஆசிரியை ஆனாள். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம், சிரித்துப் பேசுவோம். இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. நீங்கள் நினைத்ததுபோலவே ஊரும் நினைத்தது: மாவடியில் எப்போதும்போல இறங்கியிருப்போம், அவள்தான் காட்டிக் கொடுத்தாள் என்று. நடக்காமல் போன சாவுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

மகன் விஷயம் கேள்விப்பட்டு அக்கா போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பையில் வாழையிலையில் பொதிந்த நெய்மீன். இப்போது முடி பாதி நரைத்துவிட்டது. நடை மட்டும் அதே நடை. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்திருந்தாள். நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கேட்டேன்.

"அன்னைக்கு எதுக்குக்கா அப்பிடிச் சொன்ன?"

அவளுக்கு எதைக் கேட்கிறேன் என்று உடனே புரிந்தது. "நடந்து வாறவ சொன்னா எவன் கேப்பான்? ஏறுகவ சொன்னாத்தான் நம்புவான்."

"பெறவு மாத்திச் சொல்லியிருக்கலாம்லா?"

"எப்பிடி? ஏறுகவ சொன்னான்னு அந்த மனுஷன் கொடி காட்டினாரு. நான் ஏறல்லன்னா, சின்னப்பிள்ள ஏமாத்தினதுக்கு வண்டிய நிறுத்தினான்னு ஆயிராதா? அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும்." மீனை எடுத்து அடுக்களை மேடையில் வைத்தாள். "செரி, உனக்க மவன யாரு போலீஸ்ல சொன்னது?"

கூடப் படிக்கும் ஒரு பெண் என்றேன். மேம்பாலத்தில் போகும்போது பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். மகனுக்கு அவள்மேல்தான் கோபம். பையன்கள் அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். யாரும் அவளோடு பேசுவதில்லையாம்.

"அந்தப் பிள்ளைய நீ போய்ப் பாத்தியா?"

வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள். மகனுக்கு ஜெபம் செய்தார்கள், திட்டினார்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. யாரைவிடவும் எனக்குத்தானே தோன்றியிருக்க வேண்டும்?

அக்கா மீனில் பாதியை மறுபடியும் இலையில் பொதிந்தாள். மகன் அறைக் கதவைத் தட்டவில்லை. "அவன் கெடக்கட்டும். வா."

இரண்டு தெரு தள்ளித்தான் அந்தப் பெண்ணின் வீடு. கதவைத் திறந்த அவள் அம்மாவின் முகம் வெளிறியது. நாங்கள் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். "எனக்க பிள்ள தெரியாமச் செஞ்சிட்டா..." என்று தொடங்கினார். "தெரிஞ்சுதான் செஞ்சா. அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்று சொல்லி அக்கா மீனை அவர் கையில் வைத்தாள்.

பின்னால் அந்தப் பெண் நின்றாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, ட்யூஷன் பையோடு. நான் உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

அவள் கேட்டாள்: "அவன் கையில சிராய்ப்பு சரியாயிட்டா ஆன்ட்டி?"

தலையசைத்தேன்.

"அவன் எங்கிட்டப் பேசவே மாட்டானா?"

அக்கா அவள் கண்ணாடியைச் சரிசெய்து விட்டாள்.

"பேசாட்டி என்ன மக்கா? பேசாம இருக்கதுக்கு அவன் இருக்கான்லா."